வெற்றிலையில் ஏழாவது ரவுண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லிப்பட்டில் கரும்பு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் பாரீஸுக்குப் போயிருந்தார்கள். பாரீஸ், கண்ணையன் வீட்டு வாசலில் இருந்தது. ஒரு வெற்றிலை அகலம்.

1987. குரூசர்வெயிட் உலகப் பட்டத்துக்குப் பிரான்ஸ்காரனும் அமெரிக்காக்காரனும் பாரீஸில் மோதும் குத்துச்சண்டை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஆரோக்கியம் ஊருக்கு விளக்கியிருந்தார்: ஆள் எண்பத்தாறு கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு மூட்டை நெல், அதன்மேல் ஒரு பூசணிக்காய். ஊருக்குப் புரிந்துவிட்டது.

கண்ணையன் மை போட்டுப் பார்ப்பவர். வெற்றிலையில் மை தடவி உற்றுப் பார்த்தால் காணாமல் போன ஆடு தெரியும். தெரிந்த ஆடு எதுவும் திரும்பி வந்ததில்லை. அது ஆட்டின் குற்றம்.

ஒரு வாரம் முன்பே அவர் சொல்லிவிட்டார்: "பிரான்ஸ்காரன்தான்."

ஊரே பிரான்ஸ்காரன்மேல் பந்தயம் கட்டியது. எதிர்த்துக் கட்டியவர் ஒரே ஒருவர். கண்ணையனின் மைத்துனர் ராமு. அக்கா புருஷன் வாக்கையே நம்பாத அசடு என்று ஊர் அவருக்காக இரக்கப்பட்டது.

சண்டையின் முடிவு பேப்பரில் வர இரண்டு நாளாகும். வெற்றிலையில் உடனே தெரியும். எனவே வெற்றிலை சொல்வதே முடிவு. பந்தயப் பொருள் வாசலில் இருக்க வேண்டும். இதற்கும் ஊர் தலையாட்டியது.

வேணு கட்டியது மாடு. வீட்டிலிருந்த ஒரே மாடு. அதன் பால்தான் அந்த வீட்டின் சோறு. மனைவி விசாலாட்சியைக் கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் அவள் திருக்கனூரில் கமருதீன் கடைக்குப் பால் ஊற்றப் போனாள். கமருதீன் அன்றைய பேப்பரின் கீழ்மூலையைக் காட்டினார். பிரான்ஸ்காரனுக்குப் பயிற்சியில் வலது மணிக்கட்டில் சுளுக்கு. சண்டை மூன்று வாரம் தள்ளிவைப்பு.

தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கணவனிடம் காட்டினாள்.

"பேப்பர்காரன் நாலு காசுக்கு எழுதறவன்டி. வெத்தலைக்கு இன்னா லாபம்?" என்றான் வேணு. மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

விளக்கேற்றும் நேரம். பாரீஸில் மத்தியானம். கண்ணையன் குனிந்தார்.

"மணி அடிச்சிட்டான்."

கூட்டம் வெற்றிலையை எட்டிப் பார்த்தது.

விசாலாட்சி முன்னால் வந்தாள். "அண்ணே, பிரான்ஸ்காரன் எந்தக் கையால குத்தறான்?"

"வலது கைம்மா. ஒவ்வொண்ணும் இடி."

"வலிக்கலையாமா?"

"வலியா? சிரிக்கறான்!"

ஆறு ரவுண்டு வரை பிரான்ஸ்காரன் சிரித்தான். ஏழாவதில் கண்ணையன் அலறினார். "யாரோ கருவாடு தின்னுட்டு வந்து நிக்கிறீங்க! தீட்டு பட்டுடுச்சி! பிரான்ஸ்காரன் உழுந்துட்டான்!"

ஊர் ஒருவர் வாயை ஒருவர் முகர்ந்தது. "நான் வெறும் ரசம்பா, சத்தியமா ரசம்" என்றார் ஆதிமூலம். ராமு யார் வாயையும் முகரவில்லை. நேரே போய் மாட்டை அவிழ்த்து இழுத்தார்.

விசாலாட்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பேப்பரை ஆரோக்கியத்திடம் நீட்டினாள். அவர் உரக்கப் படித்தார். இரண்டு முறை.

கண்ணையன் அசரவில்லை. "ஆமா, மூணு வாரம் கழிச்சு நடக்கப்போறது. வெத்தலை முன்கூட்டியே காட்டிடுச்சி. அதான் மகிமை."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வேணு இரண்டு முறை.

"அப்டியா?" என்றாள் விசாலாட்சி. "மூணு வாரம் தாண்டி, கடல் தாண்டித் தெரியுது. மூணடி தாண்டித் தெரியாதா? என் முந்தானையில இன்னா முடிஞ்சிருக்கேன், பாத்துச் சொல்லுங்க."

கண்ணையன் வெற்றிலையைப் பார்த்தார். முந்தானையைப் பார்த்தார். மறுபடி வெற்றிலை.

"காசு" என்றார்.

கூட்டம் அவளைப் பார்த்தது.

"காசா? எவ்ளோ?"

"அது... ரெண்டு ரூவா. இல்ல, சில்லறையாவும் கீது."

முடிச்சை அவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. வெறும் முடிச்சு.

முதலில் சிரித்தது ஆரோக்கியம். பிறகு ஊர். ராமு கயிற்றை விட்டுவிட்டு, கரும்புத் தோட்டத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொன்னார். கண்ணையன் மை வெற்றிலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சட்டை கறுத்தது. அவரவர் பந்தயப் பொருளை அவரவர் அள்ளிக்கொண்டார்கள்.

ஆதிமூலத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். பயபக்தியோடு விசாலாட்சியை நெருங்கினார். "தாயி, அப்போ மூணு வாரம் கழிச்சு யாரு ஜெயிப்பா? நீ சொன்னா செரியா இருக்கும்."

பின்னால் இன்னும் நாலு பேர் கை கட்டி நின்றார்கள். ஒருவர் கையில் வெற்றிலை.

அவள் மாட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

"ராமு கயித்த இழுத்தப்போ இது ஒரு அடி நவுரல. யாரு இழுக்கறதுன்னு திரும்பிப் பாத்துச்சி. அந்த அளவுக்காவது பாருங்கய்யா."