பச்சைமலை ஓட்டமும் ஒரு ஸ்கூட்டர் சாவியும்

"மாமா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. முடியலைன்னா வீட்டுக்குப் போயிடுங்க" என்றான் காலேப்.

தனசிங் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் கொடுத்த பழைய ஷூ. உள்ளே கால் ஒரு பக்கம் போனால், ஷூ இன்னொரு பக்கம் போனது.

"ஸ்கூட்டர் சாவியக் குடுங்க மாப்ளே, இப்பவே போறேன்."

"ஓடி முடிங்க, தரேன். பேசினது பேசினதுதான்."

போன மாதம் பொழிச்சலூரில் அவர் ஸ்கூட்டரோடு பள்ளத்தில் விழுந்ததிலிருந்து சாவி காலேப்பின் பாக்கெட்டில் இருந்தது. எழுபது வயதில் ஸ்கூட்டர் எதற்காம். உடம்பில் தெம்பு இருக்கிறதென்று காட்டினால் யோசிக்கலாமாம். மீன் வாங்கப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் மருமகனின் கார்தான், பின்சீட்டுதான், அவன் இந்த மலையோட்டத்தில் வாங்கிய மெடல்களின் கதைதான். சாகும்வரை இந்தக் கதையையா கேட்பது?

அடிவாரத்துக் கூட்டத்தைப் பார்க்கவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவன்கள் மாதிரி. பின்னால் யாரும் துரத்தவில்லை. மலைமேல் யாரும் எதையும் சும்மா தரவுமில்லை.

"எதுக்குத்தான் ஓடுறானுங்க?"

"ஜாலிக்கு மாமா!" விசில் ஊதியதும் காலேப் பறந்துவிட்டான்.

முதல் வளைவிலேயே ஷூ கழன்றது. தனசிங் கைக்குட்டையைச் சுருட்டி அதன் நுனியில் திணித்தார். ஷூ கெட்டியாக நின்றது. கட்டைவிரலில் கொப்புளமும் கிளம்பியது. சனியனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். கொப்புளத்தைக் கல் கிழித்தது.

பாதி மலையில் ஒரு மேஜை போட்டு, சுஜி என்ற காலேஜ் பெண் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நொண்டி வந்தவரைப் பார்த்துப் பதறி, பளபளவென்று ஒரு சின்னப் பாக்கெட்டை நீட்டினாள்.

"இதை எடுத்துக்குங்க அங்கிள். உடனே தெம்பு வரும்."

ஆயின்மெண்ட்தான், வேறென்ன? தனசிங் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிதுக்கிப் பிதுக்கிப் பாதம் முழுக்கத் தடவினார். மிச்சத்தை முழங்கால், தொடை என்று வலித்த இடத்துக்கெல்லாம் பூசினார். ஆரஞ்சு மிட்டாய் வாசனை வந்தது. பணக்காரன் மருந்து, அப்படித்தான் மணக்கும்.

சுஜி எட்டிப் பார்த்து அலறினாள். "ஐயோ அங்கிள், அது சாப்பிடறது!"

அதை எறும்புகளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாறையடியில் குடியிருந்த மொத்தப் புற்றும் அவர் காலில் ஏறியிருந்தது.

அன்றைக்குத் தனசிங் ஓடியது அப்போதுதான். பாதை ஒரு பக்கம் இருந்தது, அவர் மறுபக்கம் ஓடினார். ஷூக்கள் எறும்புகளிடமே தங்கிவிட்டன. சரளைக்கல்லில் உட்கார்ந்தபடியே பாதி மலையை இறங்கினார். டிரவுசரின் பின்பக்கத்தை ஒரு முள்செடி எடுத்துக்கொண்டது. மார்பில் குத்தியிருந்த நம்பர் அட்டையைக் கழற்றி, மானத்துக்காகப் பின்னால் குத்திக்கொண்டு ரோட்டில் வந்து நின்றபோது, அது திருநீர்மலை போகிற ரோடு. ஓட்டம் முடியும் இடம் மலைக்கு அந்தப் பக்கம்.

போச்சு. சாவி போச்சு. இனி பின்சீட்டுதான்.

எதிரே வந்த ஆட்டோ தானாகவே நின்றது. ஓட்டி வந்த சாஹிரா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இன்னா சார், நம்பர பின்னாடி மாட்டிகினு கீறீங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? ஓட்டம் முடியுற இடத்துக்கு விடு. யாரும் பாக்கக் கூடாது."

"குந்து சார். மூச்சு காட்ட மாட்டேன்."

ஆட்டோ காற்று எறும்புக்கடிக்கு இதமாக இருந்தது. தனசிங்குக்குச் சிரிப்பு வந்தது. படித்த மடையன்களெல்லாம் மலைமேல் நாக்குத் தள்ளிக்கொண்டிருக்க, அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போகிறார். மருமகன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது, கையை நீட்டிச் சாவியைக் கேட்க வேண்டியதுதான்.

தூரத்தில் மைக் சத்தம் கேட்டது. ரோட்டோரம் அடர்த்தியாக ஒரு வேலிகாத்தான் புதர் தெரிந்தது.

"அந்தப் புதர்கிட்ட நிறுத்தும்மா. பின்னால ஒளிஞ்சு நின்னு, ஆள் இல்லாதப்ப ஓடிடறேன்."

சாஹிரா பிரேக்கைத் தொடவேயில்லை.

"அந்தப் பொதரு வாணாம் சார், வருசா வருசம் காலேப் சார நான் எறக்கி வுடுற எடம் அது, இப்பத்தான் வுட்டுட்டு வந்தேன், இன்னும் ஷூவுக்கு மண்ணு பூசிகினு இருப்பாரு."