மாப்பிள்ளைக்கு ஒரு மோசமான காலேஜ்

“அண்ணாச்சி, எந்தக் காலேஜ்ல ரொம்பப் பேரு ஃபெயிலாவுதாங்க?”

தில்லைநாயகம் பிள்ளை மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் குற்றாலத்து அருவிக்கடியில் மெதுவாகக் கேட்டால் யார் காதில் விழும்? தலையில் எண்ணெய் வழிய நின்ற சங்கரபாண்டி வாத்தியார் காதருகே கையைக் குவித்து, “என்னவே?” என்றார்.

பிள்ளை தொண்டை கிழியக் கத்தினார். சுற்றிக் குளித்துக்கொண்டிருந்த இருபது பேரும் அருவியை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாத்தியார் அவர் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்து வந்தார். முப்பது வருஷம் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்படி ஒரு கேள்வியை அவர் ஆயுளில் கேட்டதில்லை.

“தேறுத காலேஜ் எதுன்னுதான் ஊரு உலகத்துல கேப்பாங்க. உமக்கென்னவே, கிறுக்கா?”

“இனிமேதான் பிடிக்கணும், அண்ணாச்சி.” பிள்ளைக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. தென்காசியில் பத்துக் கோட்டை விதைப்பாடு நிலமும், ஒரே மகள் கல்யாணசுந்தரியும் அவருக்கு. சுந்தரி வாயில்லாப் பூச்சி. அவளுக்கு முறைமாப்பிள்ளை தாணு. பிள்ளையின் தங்கை நாச்சியாரின் மகன், தகப்பன் இல்லாத பையன். பள்ளிக்கூடப் படிப்பை முதல் மாணவனாக முடித்துவிட்டு நிற்கிறான். அவனைக் காலேஜில் சேர்க்க வேண்டியது தாய்மாமன் கடமை. சேர்க்காவிட்டால் தங்கை பேசுவாள், ஊர் பேசும்.

சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழப்பாவூர் வீரபாகு சாட்சி. அவர் பிள்ளைக்குச் சகலை. தம் மகளுக்கு முறையான மருமகனைப் பி.ஏ. வரைக்கும் படிக்க வைத்தார். மருமகன் தேறினான். மதராஸில் ஒரு ஜட்ஜ் மகளைக் கட்டிக்கொண்டான். படிக்க வைத்த மாமனுக்குக் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அதிலும் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். வீரபாகுவின் மகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

“சுந்தரி கல்யாணம் ரெண்டு வருசம் கழிச்சு வாற ஆவணியைத் தாண்டக்கூடாதுன்னு ஜோசியர் அடிச்சுச் சொல்லிட்டாரு. அதை விட்டா மூணு வருசத்துக்கு வியாழநோக்கம் கிடையாதாம். இவன் ரெண்டு வருசம் இண்டர்மீடியட் படிக்கணும், தேறவும் கூடாது. இண்டர் ஃபெயிலுன்னா இங்கன மரியாதையும் உண்டு, மதராஸ்காரன் பொண்ணும் குடுக்க மாட்டான்.”

வாத்தியார் அவரையே பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

“கடலோரமா ஒரு ஜமீன்தாரு தன் அப்பா பேருல காலேஜ் கட்டியிருக்காரு. போன வருசம் நாப்பது பேரு எழுதி மூணு பேரு தேறுனாங்க. அந்த மூணு பேரும் எப்படித் தேறுனாங்கன்னு விசாரணை நடக்கு.”

“விசுவநாதா!” என்று பிள்ளை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

தாணு அந்தக் காலேஜில் சேர்ந்தான். ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது. பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“அன்புள்ள மாமா அவர்களுக்கு, போன வருஷத்து ரிசல்டுக்குப் பயந்து இந்த வருஷம் அவ்வளவாக யாரும் சேரவில்லை. வகுப்பில் எட்டே பேர். அதனால் புரொபசர்கள் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள். லைப்ரரி புத்தகங்களை இதுவரை யாரும் தொட்டதில்லை. எல்லாம் எனக்கே கிடைக்கின்றன. இப்படி ஒரு காலேஜைத் தேடிப் பிடித்ததற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!”

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தது. அன்று பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட சுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ‘பாவம், கைவிட்டுப் போகிறவனை நினைத்து அழுகிறாள்’ என்று அவர் மனம் நொந்துபோனார். வீட்டு வேலைக்கு இருந்த பேச்சித்தாய் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு முற்றம் பெருக்கினாள். அவளுக்கு என்ன தெரியும் என்று பிள்ளை விட்டுவிட்டார்.

படிப்பைக் கெடுக்கப் பாட்டு போதும் என்று நினைத்து, ஒரு கிராமபோன் பெட்டியை வாங்கி ரயிலில் அனுப்பினார். கூடவே பன்னிரண்டு டிராமாப் பாட்டுப் பிளேட்டுகள்.

பதில் வந்தது. “மாமா, கிராமபோனைக் கண்டு பிரின்ஸிபால் பூரித்துப்போனார். இங்கிலீஷ் பேச்சுப் பிளேட்டுகளைத் தம்முடைய வீட்டிலிருந்து கொண்டு வந்து தினமும் போடுகிறார். என் உச்சரிப்பு துரைகள் உச்சரிப்புப் போலவே இருக்கிறதாம். டிராமாப் பாட்டுகள் அவருடைய சம்சாரத்திடம் இருக்கின்றன.”

பிள்ளை நேரிலேயே புறப்பட்டுப் போனார். அந்த ஹாஸ்டலில் நான்கு வருஷமாக ஃபெயிலாகி, சீட்டாட்டத்தில் பெயர் எடுத்த ஒருவன் இருந்தான். மேனேஜர் கையைப் பிடித்துக் கெஞ்சித் தாணுவை அவன் அறைக்கு மாற்றிவிட்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில் சீட்டாட்டக்காரன் சீட்டுக்கட்டைக் கடலில் எறிந்துவிட்டதாகச் செய்தி இருந்தது. அவனுடைய தகப்பனார் நேரில் வந்து தாணுவைக் கட்டிக்கொண்டு அழுதாராம். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து படிக்கிறார்களாம்.

“அவன் தகப்பன் அங்கன அழுதான், நான் இங்கன அழுதேன்,” என்றார் பிள்ளை, யாரிடமும் இல்லாமல்.

இரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் பிரின்ஸிபாலே எழுதினார். உங்கள் மருமகன் முதல் வகுப்பில் தேறுவது நிச்சயம், அடுத்தது மதராஸ், அதற்கப்புறம் சீமைக்கே போகலாம் என்று. பிள்ளை அந்தக் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தே போய்விட்டார். வாத்தியார் வீட்டு வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

“அருவி மேல ஏறிக் குதிச்சிரலாம்னு வருது, அண்ணாச்சி.”

“மாசி மாசத்துல தண்ணி ஏதுவே? பாறையில விழுந்து காலு கையை முறிச்சுக்கிட்டுக் கிடப்பீரு. அதுக்கும் அந்தப் பயதான் வந்து பாக்கணும்.”

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘அந்தப் பயதான் வந்து பாக்கணும்.’ வாத்தியார் வாய்தவறிச் சொன்ன அந்தச் சொல்லை அவர் மனத்தில் முடிந்துகொண்டார்.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் தென்காசியிலிருந்து ஒரு தந்தி போயிற்று. ‘மாமா சீரியஸ். உடனே புறப்படவும்.’

மறுநாள் பத்து மணிக்குப் பரீட்சை மணி அடித்த நேரத்தில், தாணு தென்காசி ஸ்டேஷனிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தான். நெற்றியில் ஈரத்துணியோடு கட்டிலில் கிடந்த பிள்ளை அரைக்கண்ணைத் திறந்தார்.

“ஏலே தாணு... பரீட்சை?”

“அது கிடக்கு மாமா. நீங்க பொழைச்சாப் போதும்!”

 இந்தப் பையனுக்கா இதைச் செய்தோம் என்று பிள்ளைக்கு ஒரு நிமிஷம் உண்மையாகவே உடம்பு வேர்த்துவிட்டது. வீரபாகுவின் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொண்டு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டார்.

தாணுவின் எதிரில் ஒருநாளும் வராத சுந்தரி அன்று வந்தாள். அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். வெட்கம் என்று பிள்ளை நினைத்தார்.

சாயங்காலத்துக்குள் அவருக்கு உடம்பு தேறிவிட்டது. இரண்டு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். தாணு சுவரில் சாய்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தான்.

“இனிச் செப்டம்பர்லதான் எழுதணும், மாமா,” என்றான். 

“செப்டம்பர் வாறதுக்குள்ள ஆவணி வந்துரும் மாப்பிள்ளை!” பிள்ளைக்கு இரண்டு வருஷத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. “ஃபெயிலாப் போனா என்ன? நமக்கு உத்தியோகமா பாக்கணும்? பத்துக் கோட்டை விதைப்பாடும் உனக்குத்தான், சுந்தரியும் உனக்குத்தான். ஆவணியில முகூர்த்தம்!”

அதைக் கேட்டதும் தாணு வாய்விட்டே அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை அழுகிற அழுகை இல்லை அது. சந்தையில் தாயைத் தொலைத்த பிள்ளை அழுகிற அழுகை.

பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த பேச்சித்தாயிடம் திரும்பினார்.

“ஏட்டி, பாத்தியா? என் மகளைக் கட்டச் சொன்னா இவனுக்கு இம்புட்டுக் கசக்குது!”

பேச்சித்தாய் துணியைக் கீழே போட்டாள். சாத்தியிருந்த கதவை ஒருதரம் பார்த்தாள்.

“கசக்கவா? நம்ம பாப்பாவைக் கட்டணும்னுதானய்யா இவுக ரெண்டு வருசமா உயிரை விட்டுப் படிச்சாக! இண்டர் ஃபெயிலான ஆளுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்னு உலகம்மன் முன்னால சத்தியம் பண்ணி, பாப்பா இவுகளுக்கு எழுதுன காயிதத்தை நாந்தானய்யா தபால்ல போட்டேன்!”