புடலங்காய்க்குக் கட்டிய செங்கல்

புடலங்கொடியின் இலை கசங்கினால் ஒரு வாடை எழும்பும், ஈரத்துணியும் கோபமும் கலந்ததுபோல. ஜேர்மனியில், இந்த வுப்பர்டால் நகரில், எந்தத் தமிழ்க் கடையில் அது மூக்கில் ஏறினாலும் என் கை தானாகவே பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்க்கும், நிற்கிறதா என்று.

ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சுவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிலாவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன் (அதைப் பற்றியும் தெரியாது).

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னால் ஒரு துண்டுப் புல்தரை. மேல்மாடியில் இருக்கும் ஜேர்மானிய வீட்டுக்கார அம்மா அதில் கல் பதித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்க நினைத்திருந்தார். ஒரு கோடை மட்டும் தோட்டம் செய்து காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். "கோடை முடிய வந்து பார்த்து முடிவு சொல்கிறேன்" என்றார்.

முதலில் புல்லுக்கு ஓரம் கட்டினேன். நூல் பிடித்து, மண் கிண்டி, செங்கற்களைத் தோளோடு தோள் உரசப் புதைத்தேன். வீட்டுக்கார அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, "நேராக இருக்கிறது" என்றார். இந்த நாட்டில் இதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை. எனக்குத் தலை கனத்துவிட்டது.

அந்தக் கனத்தோடு, கொடி ஏறுவதற்குச் சுவரில் மரத்தட்டி பூட்டப் போனேன். துளைகருவி வெண்ணெய்க்குள் இறங்குவதுபோல் இறங்கியது. என் கைப்பலம் என்று நினைத்தேன். துளைக்குள்ளிருந்து சவ்வரிசி போல வெள்ளை மணிகள் பறந்தன.

"அப்பா, இது கல்லில்லை," என்றாள் மகள். "குளிருக்கு ஒட்டின நுரை. மேலாலை மெல்லிசாச் சாந்து பூசியிருக்கு. இதிலை ஒண்டும் நிக்காது."

"நிக்கும் பிள்ளை. சும்மா கொடிதானே."

கொடி சும்மா இருக்கவில்லை. ஆவணியில் காய்கள் இறங்கின. இறங்கியவை பன்றிவாலாய்ச் சுருண்டன. ஊரில் நுனியில் சின்னக் கல் கட்டுவோம், காய் நேராக நீளும். இங்கே கையில் இருந்தது மிஞ்சிய செங்கல். உடைத்து, காய்க்கொரு துண்டாகக் கட்டினேன்.

"இஞ்சாருங்கோ, பாரம் கூடிப்போச்சு," என்றாள் மனைவி.

"கெதியா நீளட்டும்," என்றேன்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. தட்டியின் கீழே மேசை, மேசையில் மனைவி சுட்ட ஆப்பிள் கேக். வீட்டுக்கார அம்மா கேக்கைப் பார்க்கவில்லை. தொங்கும் செங்கற்களையே பார்த்தார்.

"இந்தக் காய்கள் என்ன குற்றம் செய்தன?"

"நேராக வளர்வதற்காகக் கட்டியிருக்கிறேன்."

அவர் முகம் மலர்ந்தது. என்னிடம் இப்படி ஓர் ஒழுங்கை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல் ஒரு காயை மெல்லத் தட்டினார்.

சுவர் பெருமூச்சு விட்டது (உண்மையாகவே, சத்தம் அப்படித்தான் இருந்தது). நாங்கள் பின்வாங்க நேரம் கொடுத்து, தட்டி, கொடி, காய், செங்கல், ஒரு கதவளவு சாந்து எல்லாம் அவசரமில்லாமல் சாய்ந்து கேக்கின்மேல் படுத்தன. அதன் பிறகு வெள்ளை மணிகள். அவர் தலையில், என் தலையில், செப்டெம்பர் வெயிலில் பனி பெய்தது. அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"சேதத்துக்குக் காப்புறுதி இருக்கிறதா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"ஓம்," என்றாள் மனைவி, தமிழிலேயே. எங்கள் கலியாணத்துக்குக்கூட அவள் அவ்வளவு கெதியாகச் சம்மதித்ததில்லை.

வீட்டுக்கார அம்மா தலையைத் தட்டிவிட்டு, புல்லின் ஓரமாகக் கடைசிவரை நடந்து பார்த்தார். ஒரு செங்கல்கூட அசைந்திருக்கவில்லை.

"தரை உங்களுக்கு," என்றார். "சுவர் எனக்கு."

அந்த ஒப்பந்தம் இன்றும் நிற்கிறது. தோட்டத்தில் தக்காளியும் கத்தரியும், தரையோடு தரையாக. வீட்டுக்குள் நாட்காட்டிகூட மேசையில்தான் படுத்திருக்கிறது. மகள் இப்போது ஹனோவரில் வேலை. போன ஞாயிறு வந்துவிட்டுத் திரும்பும்போது, சப்பாத்தை மாட்டியபடி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"போட்டு வாறன் அப்பா," என்றாள். "சுவரிலை சாயாதேங்கோ."