கிழவர் ஓட்டத்துக் கம்பளி

நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் தன்னை இளைஞன் என்று நினைத்துக்கொள்வதில் தப்பில்லை. அதை ஓடிக் காட்ட நினைத்தால்தான் வம்பு. நான் ஓடிக் காட்டினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கங்காணியாக இருந்தேன். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டும் பையன்களை மேய்க்கிற வேலை. பொங்கலுக்கு மறுநாள் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி. நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு ‘கிழவர் ஓட்டம்’, பரிசு ஒரு கம்பளி. இளைஞர் ஓட்டத்துக்கு எண்ணெய்ப் போத்தலும் சீப்பும். (என் தலையில் அப்போதே சீப்புக்கு வேலை இல்லை.) ஒருவர் ஒரு ஓட்டத்தில்தான் சேரலாம்.

என் மனைவி புஷ்பத்துக்குக் கம்பளி மீது கண். வீட்டிலிருந்த பழைய கம்பளியில் நூலைவிட ஓட்டை அதிகம்.

“ஏங்க, கிழவங்க ஓட்டத்துல பேரக் குடுங்க. நீங்க நடந்து போனாக்கூட மொத ஆளுதான்.”

“யாருடி கிழவன்?”

“சரி, வாலிபருதான். கம்பளிக்காக ஒரு நா மட்டும் கிழவரா இருந்துட்டு வாங்களேன்!”

நேராகப் போய்க் கணக்கப்பிள்ளையிடம் இளைஞர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நெசமாத்தானா கங்காணி?”

காக்கி அரைக்கால்சட்டையில் மைதானத்துக்கு வந்தேன். என் கவ்வாத்துப் பையன்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

விசில் ஊதினார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், முதலில் ஓடியது நான்தான்! வளைவு வரும்வரை. வளைவு வந்ததும் பையன்கள் திரும்பினார்கள். என் முழங்கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நேரே தேயிலைக்குள் பாய்ந்து, வெட்டிய செடிகளின் மேல் உருண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். அந்த மலையில் கவ்வாத்து நடந்தது என் மேற்பார்வையில்தான். வெட்டு நல்ல கூர் என்பதற்கு என் கால்சட்டை சாட்சி.

இடுப்பு அசையவில்லை. மேலே கிழவர் ஓட்டத்துக்கு விசில் கேட்டது. ஓடிவந்த கிழவர்கள் பாதி வழியில் என் முனகலைக் கேட்டு, போட்டியை விட்டுவிட்டு, கானைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த ராமையா அண்ணனுக்கு மட்டும் காது மந்தம். அவர் பாட்டுக்கு இருமிக்கொண்டே நடந்துபோய்க் கோட்டைத் தாண்டினார்.

கம்பளி அவருக்கு. ஈரமே இல்லாத அந்தக் கம்பளியைத் தினமும் எங்கள் வாசலுக்கு நேரே காயப்போட்டார் மனுஷன்.

அடுத்த வருடம் ரோஷத்தை விட்டுக் கிழவர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன். கணக்கப்பிள்ளை முடியாது என்று தலையாட்டினார். “போன வருசம் எளைஞரா ஓடுனீங்க. ஒரே வருசத்துல கிழவராயிட்டீங்கன்னா ராமையா அண்ணன் சண்டைக்கு வந்துருவாரு. எளைஞர்லயே எழுதிரட்டுமா?”

எழுதவிடவில்லை. பிற்பாடு கடையில் ஒரு கம்பளி வாங்கினோம். இன்றும் பனிக்காலத்தில் அதன் நுனியை நான் மெல்லத் தொட்டால் போதும், புஷ்பம் முழுவதையும் தன் பக்கம் இழுத்துச் சுருட்டிக்கொள்கிறாள்.

“வாலிபருக்கு என்னங்க குளிரு?”

பல் கிடுகிடுக்க, குளிரவே இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறேன்.