ரத்தத்துக்குக் காய்ச்சல் பார்த்த கதை

படித்தவளின் பயம் லேசில் போகாது. அதற்குக் காரணங்கள் தெரியும். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். என் மகன் ஒருமுறை தும்மினால் மூன்று நோய்களின் பெயர் என் நினைவுக்கு வரும்.

அவனுக்கு அப்போது இரண்டு வயது. மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். ரத்தத்தில் நோயெதிர்ப்புக் கலங்கள் (செல்கள்) போதிய அளவு இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கலாம் என்றார் ஹட்டன் டொக்டர். நரம்பு அகப்படாமல் மூன்று இடத்தில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவன் கத்த, நானும் அழுதேன்.

"கையோட கண்டிக்குக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. ஐஸ் வேணாம், அறை வெப்பநிலையே போதும். பழுதாப் போச்சுன்னா திரும்பக் குத்தணும்" என்றார் நர்ஸ்.

திரும்பவா? அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மகனைக் கணவரோடு அக்கரப்பத்தனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயோடு பஸ் ஏறினேன்.

ஏறியதும் சந்தேகம். யார் அறையின் வெப்பநிலை? (எங்கள் அறையில் தேங்காயெண்ணெயே கட்டியாகத்தான் இருக்கும்.) பையில் கிடந்த மகனின் வெப்பமானியைக் குழாயில் ஒட்டிப் பிடித்தேன். அளக்க முடியாத அளவு குறைவு என்றது. ஐயோ, கலங்கள் விறைக்கின்றன! குழாயையும் வெப்பமானியையும் கம்பளிச் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ரத்தம் உறைந்துவிட்டதா என்று அடிக்கடி எடுத்துக் குலுக்கியும் பார்த்தேன். பஸ் கினிகத்தேனையைத் தாண்டும்போது முப்பத்தாறரை பாகை காட்டியது. அப்பாடா!

"புள்ளைக்குக் காய்ச்சலாம்மா?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த அம்மா.

"இல்லங்க, ரத்தத்துக்குப் பாக்குறேன்."

அவர் எழுந்து பின் இருக்கைக்குப் போய்விட்டார்.

கண்டி ஆய்வுகூடத்தில் இருந்த அக்கா எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். குழாயைத் தொட்டதும், "என்னங்க இது, இந்தச் சூடு சுடுது?" என்றார்.

"முப்பத்தாறரை. வழியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றேன் பெருமையாக.

"எங்க வச்சுப் பாத்தீங்க?"

"அக்குள்ல."

"அது உங்க சூடுங்க! ரத்தத்தை அடைகாத்துல்ல கொண்டாந்திருக்கீங்க."

எண்ண முயன்று பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார். "பிறபொருளெதிரி, அதான் அன்டிபாடி, ஒவ்வொண்ணும் கலத்துல ஒரே ஒரு அடையாளத்தைத்தான் பிடிக்கும். அதுல ஒளிர்ற சாயத்தைக் கட்டி ரத்தத்துல விடுவோம். தன்னோட கலத்தைத் தேடி ஒட்டிக்கும். கலங்க ஒண்ணொண்ணா வெளிச்சத்துக்கு முன்னால போகும், மின்னுறதை மெஷின் எண்ணும். காலையில தோட்டத்துப் பெரட்டுல வேலையாளுங்களைப் பேர் கூப்பிட்டு எண்ணுற மாதிரிதான்."

"அப்ப எண்ணிறலாமே அக்கா?"

"உடம்புக்கு வெளிய அந்தச் சூடு தாங்காம உங்க குழாயில பாதிக் கலம் செத்துப்போச்சு. செத்த கலத்துல கண்டதெல்லாம் ஒட்டும். யார் பேரைக் கூப்பிட்டாலும் அது கை தூக்கும். யாரை நம்பி எண்ணுறது?"

மறுவாரம் மறுபடி ஊசி. நான் வெளியே காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். இம்முறை குழாயைக் கொண்டுபோனவர் என் கணவர். சட்டைப் பையில் பஸ் டிக்கட்டோடு போட்டுக்கொண்டு, கண்டிவரை தூங்கியே போனாராம். கலங்கள் அத்தனையும் ஆளுக்கொரு பேருக்கு ஒழுங்காகக் கை தூக்கியிருந்தன. (எனக்கு இன்னும் அந்த மனிதர் மேல் கோபம்.)

மகனுக்கு இப்போது ஐந்து வயது. அப்பா சொல்லிச் சொல்லி இந்தக் கதை அவனுக்கு மனப்பாடம். போன வாரம் கிளினிக் வரிசையில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது வெப்பமானியை எடுத்தேன். அக்குளை இறுக்கிக்கொண்டு அலறினான்:

"அப்பா, நீங்க பாருங்க! அம்மா பாத்தா செத்துப்போயிரும்!"

வரிசையிலிருந்த தாய்மார் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார்கள்.