மெயின் ஸ்விட்ச் மேடம்

ஆம்பூர் வட்டாரத்தில் மழையும் காற்றும் சேர்ந்து நிறுத்திய கரண்டைவிட, எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர் நிறுத்திய கரண்ட் ஜாஸ்தி. நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை. மெயின் ஸ்விட்ச் மேடம், அவ்வளவுதான்.

லேபில் யாராவது பன் தின்றால் டப். பையன்கள் கேம் ஆடினால் டப். முதல்வர் ஒருமுறை அங்கே மைக்கைப் பிடித்து விடாமல் பேசியபோதும் டப். "லோடு ஜாஸ்தி சார்" என்றார், சிரிக்காமல்.

வருஷா வருஷம் கோடிங் போட்டி, மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை. அணைக்கட்டு, திமிரி ஊர்கள் பக்கம் போகிற கல்லூரி பஸ் நாலரைக்கே கிளம்பிவிடும். பையன்களுக்குப் பைக் இருந்தது, தோஸ்த் ரூம் இருந்தது. பஸ்ஸை விட்டால் வழியில்லாத பெண்கள் நாங்கள் பாதியில் எழுந்து ஓடுவோம். பரிசளிப்பில், "பொண்ணுங்களுக்கு இன்ட்ரஸ்ட் கம்மி" என்பார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்து, கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. போட்டியின் கடைசிக் கணக்கை ஒரு தடவையாவது உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. அந்த வருஷமோ எனக்குக் கல்லூரியில் கடைசி வருஷம்.

அந்த வருஷப் போட்டியிலும் நாலரைக்குப் பஸ் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கினேன். டப்! லேபே இருண்டது.

"இன்னா மேடம்! ஒண்ணுமே சேவ் பண்ணல!" பையன்கள் அலறினார்கள்.

"பஸ் கிளம்புது. போட்டி முடிஞ்சிடுச்சு."

"ஆறு மணி வரைக்கும்னு போட்டிருக்கே மேடம்!"

"இவங்களுக்கு வருஷா வருஷம் நாலரைக்குத்தான் முடியுது. அப்பல்லாம் யாரும் பேஜார் பண்ணலையே?" என்று எங்களைக் காட்டினார் மேடம்.

பஸ்ஸுக்கு ஓடியே பழகிய நாங்கள், போட்ட வரைக்கும் அனுப்பிவிட்டிருந்தோம். பையன்கள் கடைசி நேரத்தில் அனுப்பிக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். முன்னணியில் எங்கள் பெயர்கள்தான். ஒரே ரகளை. முதல்வர் வந்து போட்டியை ரத்து செய்துவிட்டு, மேடத்தைப் பார்த்தார்.

"லோடு ஜாஸ்தி சார். காலைல பத்து மணிக்கு வைங்க, கம்மியா இருக்கும்."

தலையெழுத்தே என்று இன்னொரு நாள் காலை பத்துக்குப் போட்டியை மறுபடி வைத்தார்கள். நான் ஜெயிக்கவில்லை. அந்தக் கடைசிக் கணக்கு என்னைப் பாடாய்ப் படுத்தி மண்ணைக் கவ்வ வைத்தது. ஆனால் மணி அடிக்கும் வரை உட்கார்ந்து தோற்றேன். என்ன ஒரு சந்தோஷம் அது!

இப்போது என் கம்பெனியில் போட்டிகளுக்குப் பெண்களை வரவழைப்பது எப்படி என்று மீட்டிங் போடுகிறார்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். ரோஸ் கலர் டீ-ஷர்ட் கொடுக்கலாமா என்று பேச்சு நீள்கிறது. எனக்குக் கண் சொருகுகிறது. சுவரில் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தேடுகிறேன். அதன் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும் போலிருக்கிறது, மேடம்.