கழற்றி வைத்த வாட்ச்

"மாசக் கடைசிக்குள்ள அவ கை அடங்கலைன்னா பேரை எடுத்துடுவோம் சார்," என்று சொல்லிவிட்டு டீச்சர் ஃபோனை வைத்துவிட்டார். நாலரை வயது மிளகு, வகுப்பில் ஒருத்தியை அறைந்துவிட்டாளாம்.

அவளுடைய அப்பாவான லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க அவர் ஒரு வருடம் நடையாய் நடந்தவர்.

"இதெல்லாம் எங்கேர்ந்து கத்துக்கிட்டா?" என்று மனைவியைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள், அவர் கையையே பார்த்தபடி.

"டிவிதான். வேறென்ன?"

வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கரன்ட் வேலை செய்கிறவர். வாட்சைக் கழற்றாமல் எந்தக் காரியத்திலும் கை வைக்கமாட்டார். மனைவி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அன்றைக்கு நல்ல நாள், டிவி மட்டும் பரண் ஏறியது.

அடுத்த வாரம் மிளகு இரண்டு பேரை அறைந்தாள்.

"மாடி வீட்டுப் பையன்தான் கெடுக்கிறான்," என்று மெக்கானிக் படியேறினார். வாட்ச் அந்த வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் உட்கார்ந்தது. உள்ளே நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இறங்கி வரும்போது சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணோம். மிளகு படிக்கட்டில் உட்கார்ந்து சமர்த்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் நாலு பேர்.

கடைசியில், யாரையும் அடிக்கக் கூடாது என்பதை மிளகின் முதுகில் அடித்தே புரியவைத்தார். அவள் அழவில்லை.

மாசக் கடைசியில் வகுப்புக்கே வரச் சொன்னார்கள்.

"மன்னிச்சுடுங்க சார். இனிமே என்னால முடியாது," என்றார் டீச்சர்.

"ஒரே ஒரு சான்ஸ் மிஸ்."

டீச்சர் ஒரு நோட்டை எடுத்து விசிறிக்கொண்டார். மேலே ஃபேன் ஓடவில்லை. பிள்ளைகள் வியர்த்து வழிந்தார்கள். இதைச் சரிசெய்து கொடுத்தால் அந்த அம்மா மனசு இளகாதா என்று மெக்கானிக்குக்கு ஒரு நப்பாசை.

"நான் பார்த்துத் தரேன் மிஸ்." நாற்காலியை இழுத்துப் போட்டார். வாட்சைக் கழற்றி டீச்சர் மேசைமேல் வைத்தார்.

இருபது குட்டி நாற்காலிகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன. மறுகணம் வகுப்பில் ஒரு தலை இல்லை. எல்லாரும் மேசைக்கடியில். முதலில் போனவள் மிளகு.

டீச்சர் ஒன்றும் புரியாமல் நின்றார். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி மேசைக்கடியிலிருந்து கையை நீட்டி அவரைப் பிடித்து இழுத்தாள்.

"சீக்கிரம் உள்ள வாங்க மிஸ். வாட்சைக் கழட்டினா ஒளியணும்னு மிளகு தினமும் சொல்லித் தரா. லேட்டா ஒளியறவங்களை மட்டும்தான் அடிப்பா."